முதலாம் எதிரி வனிதா

வனிதாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கொழுந்து நிறுக்கும் வரிசையில் நிற்கும்போதுகூட ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருப்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் யாருக்காவது தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். அவளை வயிற்றில் சுமந்துகொண்டுதான் அவள் அம்மா இலங்கைத் தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். பிறந்தது மண்டபம் முகாமில். கைக்குழந்தையாக நீலகிரிக்கு வந்து சேர்ந்தாள். "கப்பல்ல பிடிச்ச ஆட்டம் இவளுக்கு இன்னும் நிக்கல" என்று அம்மா சொல்லிச் சிரிப்பதுண்டு. அப்படிப்பட்டவள் மீது அரசாங்கம் போட்ட வழக்கு, நடுரோட்டில் உட்கார்ந்தாள் என்பது.

சேரம்பாடிக்கு மேலே, கேரளத்துக்குப் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது மஞ்சப்பாறை எஸ்டேட். வனிதா அங்கே கொழுந்து பறிக்கிறாள். கணவன் ஜெகதீசன் வனத்துறையில் தினக்கூலிக்கு யானைக் காவலர். காட்டிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் யானைகளைப் பின்தொடர்ந்து, ஆட்களை எச்சரித்து, பட்டாசு போட்டுத் திருப்பி அனுப்பும் வேலை. மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். எஸ்டேட்டின் வரிசை வீடுகளை லைன் என்பார்கள், பழைய ஆட்களுக்கு லயம். அந்த லைன் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான்.

பக்கத்து வீட்டில் லிங்கசாமியும் ஆண்டாயியும் இருந்தார்கள். வனிதாவுக்கு அவர்கள் சித்தப்பா, சின்னம்மா. ரத்த உறவில்லை, ஒரே கப்பலில் வந்த உறவு. ஆண்டாயி உரத்த குரல்காரி. இரண்டு கையாலும் கொழுந்து பறித்துக்கொண்டே மேஸ்திரியைத் திட்டுவாள். திட்டி முடித்ததும் அவனுக்கே வெற்றிலை மடித்துக் கொடுப்பாள்.

லைனிலிருந்து கழிப்பறை கொஞ்சம் கீழே, சரிவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் உண்ணிச்செடி அடர்ந்த ஒற்றையடிப் பாதை. விளக்கு கிடையாது. பலா பழுக்கும் காலத்தில் யானைகள் அந்தப் பாதையில்தான் வரும். விளக்கு வேண்டுமென்று கேட்காத ஆள் இல்லை. பஞ்சாயத்தில் கேட்டால், அது எஸ்டேட் இடம் என்றார்கள். எஸ்டேட்டில் கேட்டால், நிலம் தோட்டத்துக்குச் சேர்ந்ததா காட்டுக்குச் சேர்ந்ததா என்று வழக்கு நடக்கிறது, அது முடியாமல் ஒரு கம்பம்கூட நட முடியாது என்றார்கள். வனிதாவும் ஆண்டாயியும் ஒரு திங்கட்கிழமை ஊட்டிக்குப் பஸ் ஏறி, குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்துவிட்டும் வந்தார்கள். வளைவுக்கு வளைவு ஆண்டாயிக்குக் குமட்டியது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள். கலெக்டர் ஆபீஸ் தாழ்வாரத்தில் வரிசையில் நின்றபோதுதான் அவளுக்குப் பேச்சு திரும்பியது.

"இங்க பாரு வனிதா, பட்டப்பகல்ல லைட்டு எரியுது" என்றாள் மேலே பார்த்து. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் செத்துப்போனாள்.

ஆடி மாத மழை. இன்னும் சரியாக விடியவில்லை. ஆண்டாயி மழைக்குத் தலையோடு போர்த்தும் கொங்காணியைப் போட்டுக்கொண்டு டார்ச்சோடு இறங்கிப் போயிருக்கிறாள். அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்த வனிதாவுக்குக் கீழே கழிப்பறைத் தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கூப்பாடு, பாதியில் நின்றது. வெளியே ஓடியவளை நாலைந்து பேர் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டார்கள். மூடுபனிக்குள் செடிகள் முறியும் ஓசை மெல்லக் கீழே இறங்கிப் போனது. வெளிச்சம் வந்த பிறகு போய்ப் பார்த்தார்கள். கழிப்பறையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஆண்டாயி கிடந்தாள். யானை அவளைத் தூக்கி எறிந்த வேகத்தில் தொட்டியின் சிமெண்ட் விளிம்பே உடைந்திருந்தது.

போஸ்ட்மார்ட்டத்துக்கு எடுத்துப்போக ஆம்புலன்ஸ் வந்தது. லைன்வரை ஏற வழியில்லாமல் மெயின் ரோட்டிலேயே நின்றது. உடலைப் பெஞ்சில் கிடத்தி, படுதாவால் மூடி, ஆண்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பெண்கள் பின்னால் போனார்கள். சாலையை எட்டியதும் கொஞ்சம் இளைப்பாறப் பெஞ்சைத் தாரில் வைத்தார்கள். மழை படுதாவின் மேல் கொட்டியது. லிங்கசாமி குனிந்து அதை இழுத்து மனைவியின் காலை மூடினார். கால் மூடியது, தலை திறந்துகொண்டது. தலையை மூடினார், கால் திறந்துகொண்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வனிதா பெஞ்சுக்குப் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் வரிசை கட்டின.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார்.

"யாரும்மா உங்கள ரோட்டுல உட்காரச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நிக்க முடியல, உட்கார்ந்தேன்" என்றாள் வனிதா.

"எந்திரி. பொதுமக்களுக்கு இடைஞ்சல்."

"நாங்க யாருங்க சார்?"

 வனத்துறை ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய காவலர்களில் ஜெகதீசனும் இருந்தான். காடெல்லாம் அலைந்த சேறு முழங்கால்வரை ஏறியிருந்தது. கூட்டத்தைச் சாலை ஓரமாக ஒதுக்கக் கயிறு பிடிக்கச் சொல்லி அவன் கையில் ஒரு முனையைக் கொடுத்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கயிறு அவன் கையில் தொய்ந்தே கிடந்தது.

மதியத்துக்குப் பிறகு வருவாய்த்துறையின் பெரிய அதிகாரி வந்தார். குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றே பேசினார். "உங்க கோரிக்கை நியாயமானது. விளக்குக்கு நான் பொறுப்பு" என்றார். யாரும் கோஷம் போடவில்லை. எழுந்து, உடலை ஆம்புலன்ஸில் ஏற்றி, வழிவிட்டார்கள்.

அவர் சொன்ன வார்த்தை பொய்யாகவில்லை. ஆவணி முடிவதற்குள் பாதையில் சூரியஒளி விளக்குக் கம்பங்கள் வந்துவிட்டன. நிலம் யாருடையது என்ற வழக்கு என்ன ஆயிற்று என்று எவரும் சொல்லவில்லை, லைன்காரர்களும் கேட்கவில்லை. சாயங்காலமானால் தானே எரிந்தன. ஆண்டாயி பெயரைச் சொல்லி ஒரு கம்பத்துக்கு யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள்.

விளக்கு வந்த பிறகு சம்மன் வந்தது. கொண்டுவந்த போலீஸ்காரர் இருட்டும் நேரத்தில் லைனுக்கு ஏறி வந்தார். கையெழுத்து எங்கே போடவேண்டுமென்று காட்ட, வனிதாவைப் புதுக் கம்பத்தின் அடியில் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"என்ன சார் இது?"

"கேஸும்மா. சட்டவிரோதமா கூடுனது, ரோட்ட மறிச்சது. வீடியோவுல முன்னால இருந்தவங்க பேரெல்லாம் இருக்கு. நீதான் முதலாம் எதிரி."

குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட் பாஷையில் எதிரி என்பார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது. யாருக்கு எதிரி என்று ராத்திரி முழுக்க யோசித்தாள். இரண்டாம் எதிரி லிங்கசாமி. தன் மனைவியின் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததற்காக.

அன்று தொடங்கியது அலைச்சல். வாய்தா என்றால் விடியற்காலைப் பஸ். அன்றைக்குக் கூலி கிடையாது. கோர்ட் வாசலில் சவுக்கு மரத்தடியில் மற்றவர்களோடு நிற்பாள். பெயர் கூப்பிட்டால் ஓடுவாள். பெரும்பாலும் இன்னொரு தேதி. மாஜிஸ்திரேட் மலைக்குப் புதிது, எப்போதும் சளி. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டே தேதி சொல்வார். வனிதாவுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. பின்னிரவில் விழித்துக்கொண்டால் பாதையில் போய் விளக்கெல்லாம் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டு வருவாள். எரியும். பார்த்த பிறகும் தூக்கம் வராது.

இலவச சட்ட உதவியில் அவர்களுக்குக் கிடைத்த வக்கீல் மனிஷா. ஊட்டி காந்தலில் வீடு. அப்பா கோயம்புத்தூரிலிருந்து வந்து கடை வைத்தவர். சின்ன வயது, வேகமாகப் பேசுகிறவள். ஒரு வாய்தாவில் அவள் எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஒரு வழி இருக்குதுங்க. குற்றத்த ஒத்துக்கிட்டா சின்ன அபராதத்தோட இன்னைக்கே முடிஞ்சுரும். அப்புறம் அலையவே வேண்டாமுங்க. நடத்தலாம்னா நடத்தறேன், ஆனா வருஷக்கணக்குல இழுக்கும். முடிவு உங்களுதுங்க."

யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. கூலி போகிறது, மழையில் நின்று காய்ச்சல் வருகிறது. லிங்கசாமி முதல் ஆளாகத் தலையாட்டினார்.

"எனக்கு ஏலாது புள்ள" என்றார் வனிதாவிடம். "இங்க வந்து நிக்கிற நேரமெல்லாம் அவ ரோட்டுல கெடக்குறதுதான் கண்ணுல தெரியுது. முடிச்சுட்டு லயத்துக்குப் போயிருவம்."

உள்ளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன் என்றார்கள். அகரவரிசையோ என்னவோ, முதலாம் எதிரியின் பெயர் கடைசியில்தான் வந்தது. அதுவரை மற்றவர்கள் சொன்னதையே சொல்லத்தான் வனிதாவும் நினைத்திருந்தாள். கூண்டில் ஏறியதும் வாய் வேறு விதமாகத் திறந்தது.

"ஒத்துக்கலைங்க அய்யா."

மாஜிஸ்திரேட் பிளாஸ்கை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ரோட்டில் உட்காரவில்லை என்கிறீர்களா?"

"உட்கார்ந்தேங்க. தப்புன்னு ஒத்துக்கலைங்க."

அவள் வழக்கு மட்டும் தனியாகப் பிரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது யாரும் அவளோடு பேசவில்லை. அவள் மறுத்தது மற்றவர்கள் ஒப்புக்கொண்டதைக் குத்திக்காட்டியது போல ஆகிவிட்டது. அன்றிலிருந்து கொழுந்து மலையில் அவள் வரிசைக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டே நின்றார்கள். லிங்கசாமி மட்டும் வழக்கம்போலச் சாயங்காலம் வந்து சுவரோரம் குந்தி உட்கார்ந்து, அவள் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்.

ஜெகதீசன்தான் கொதித்தான். பல வருஷமாகத் தினக்கூலி. அந்த வருஷம் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஆபீசுல கூப்பிட்டுக் கேக்குறாங்க. உன் வீட்டுக்காரி கவர்மெண்டு மேலயே கேசு நடத்துறாளாமேன்னு."

"நானா நடத்துறேன்? அவங்கதானே நடத்துறாங்க."

"ஒரு வார்த்தை வனிதா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். சித்தப்பாவே ஒத்துக்கிட்டாரு. உனக்கு என்ன அவரைவிடப் பெரிய வலி?"

வனிதா எழுந்தாள். துணி துவைக்கக் கிளம்பிப் போனாள். ஏற்கெனவே துவைத்து வைத்திருந்ததையே மறுபடி துவைத்தாள். சின்னம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். நிச்சயமாகத் தெரியவில்லை. ஆண்டாயிக்குச் சண்டையும் பிடிக்கும், சண்டையைச் சீக்கிரம் முடிப்பதும் பிடிக்கும்.

விசாரணை தொடங்கியது. இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புது ஊரிலிருந்து சாட்சி சொல்ல வந்தவர், வனிதாதான் மற்றவர்களைத் தூண்டிவிட்டு உட்கார வைத்தாள், கோஷம் போட்டாள் என்றார். மனிஷா அந்த வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னாள். கோர்ட் முழுக்க அமைதியாகப் பார்த்தது. மழைச் சத்தம். லாரி ஹாரன். பெஞ்சின் மேல் படுதா. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி, வனிதாதான், ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொன்னதைத் தவிர வாய் அசையவே இல்லை.

"கோஷம் எந்த எடத்துலங்க வருது?" என்று கேட்டாள் மனிஷா.

"வீடியோ எடுக்கறதுக்கு முன்னாடி" என்றார் சாட்சி.

வெளியே வந்ததும் மனிஷா கையைப் பிசைந்தாள். "அக்கா, வீடியோ நமக்கு நல்லதுதானுங்க. ஆனா ரோட்ட மறிச்சது நிஜமுங்களே. வேற வழியே இல்லாமத்தான் உட்கார்ந்தோம், எத்தனையோ தடவை கேட்டும் செய்யலைன்னு சொல்ல ஒரு ஆளு வேணும். அதுவும் அரசாங்கத்துப் பக்கம் வேலை பார்க்கற ஆளா இருந்தா நல்லதுங்க."

வனிதா சவுக்கு மரத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். அவனிடம் கேட்க வாய் வராது என்பதும் தெரியும்.

கேட்கவுமில்லை. வீட்டுக்கு வந்து மனிஷா சொன்னதைப் பொதுவாகச் சொன்னாள். அவன் காதில் வாங்காதவன் போல டார்ச்சுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், வேலை முடிந்து வந்தவன் பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் ஒற்றை யானை புகுந்திருக்கிறது. அங்கேயும் கழிப்பறைக்குப் போகும் பாதை இருட்டு. ஒரு கிழவர் எதிரில் மாட்டிக்கொண்டார். காவலர்கள் கத்திக் கூச்சல் போட்டு யானையைத் திருப்பினார்கள். கிழவருக்குச் சாக்கடையில் விழுந்து கையொடிந்ததோடு போயிற்று.

"யானை எங்க நிக்குதுன்னே தெரியல" என்றான். "அதோட மூச்சு கேக்குது, ஆனா தெரியல. பத்தடி தள்ளி நிக்குதோ பக்கத்துல நிக்குதோ. அந்த ஆளு செத்திருந்தா நாளைக்கு அங்கயும் ரோட்டுல உட்காருவாங்க. என்னையத்தான் கயிறு பிடிக்கச் சொல்லுவாங்க."

வனிதா தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்தாள்.

"நம்ம லைனுக்கு லைட்டு வேணும்னு நாங்களே மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லியிருக்கோம். வெளிச்சம் இல்லாம எங்களால ஆளைக் காப்பாத்த முடியாதுன்னு. அதை வந்து சொல்றேன். வக்கீலம்மாகிட்டச் சொல்லு."

"வேலை?"

"அதப் பத்தி இப்பக் கேக்காத."

அவன் சாட்சிக்கூண்டில் ஏறிய அன்று வனிதாவுக்கு நிலைகொள்ளவில்லை. சட்டைப் பித்தானை மேலே வரை போட்டிருந்தான். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். மனிஷா கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகச் சொன்னான். அரசு வக்கீல் எழுந்தார்.

"எதிரி உங்க மனைவி. அவரைக் காப்பாத்தத்தானே வந்திருக்கீங்க?"

"அன்னிக்கு நான் அவ பக்கம் இல்லீங்க சார். கயிறு பிடிச்சுக்கிட்டு உங்க பக்கம் நின்னேன்."

"அப்படி நின்னபோது அவங்க செஞ்சது சரின்னு பட்டதா?"

ஜெகதீசன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அந்தம்மா உடம்பைத் தூக்கிட்டு எங்க போறதுன்னு எனக்கும் தெரியலைங்க. பஞ்சாயத்து ஆபீசுக்கா, எஸ்டேட் ஆபீசுக்கா, எங்க ஆபீசுக்கா. எல்லா இடமும் ஏற்கெனவே போயாச்சு. மிச்சம் இருந்தது ரோடுதானுங்க."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து ஜெகதீசனை வேலைக்குக் கூப்பிடவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவன் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடி கவாத்து வெட்டப் போனான். மூடுபனிக்குள் எங்காவது பட்டாசுச் சத்தம் கேட்டால் கத்தியை நிறுத்திவிட்டு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பான். வனிதாவை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

தீர்ப்புத் தேதிக்கு முன்னால் அந்தச் செய்தி வந்தது. மக்கள் போராட்டங்களுக்காகப் போட்ட சில வழக்குகளை அரசாங்கமே திரும்பப் பெறுகிறதாம். அந்தப் பட்டியலில் வனிதாவின் வழக்கும் இருந்தது. மனிஷா போனில் சொன்னபோது அவள் குரலில் சந்தோஷம் தெறித்தது. வனிதா "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

கோர்ட்டில் எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. அரசு வக்கீல் ஒரு மனுவைக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் படித்தார். வழக்கு திரும்பப் பெறப்பட்டதால் எதிரி விடுதலை செய்யப்படுகிறார் என்றார். அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட வாய் திறந்தார்கள். வனிதா இறங்காமல் நின்றாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கலாங்களா?"

மனிஷா கையைக் காட்டித் தடுக்கப் பார்த்தாள். மாஜிஸ்திரேட் தலையசைத்தார்.

"நான் செஞ்சது தப்பா இல்லையாங்க?"

அறையில் யாரோ சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் இருந்த கட்டை மூடினார்.

"அதை முடிவு செய்யத்தான் அம்மா உட்கார்ந்திருந்தேன்" என்றார். "தீர்ப்பும் பாதி எழுதிவிட்டேன். இப்போது வழக்கே இல்லை. இல்லாத வழக்கில் நான் எதுவும் சொல்லக் கூடாது. நீங்கள் போகலாம்."

வெளியே லிங்கசாமி காத்திருந்தார். அவளுக்குத் துணையாக வருவதாகச் சொல்லி அபராதம் கட்டிய பிறகு முதல் தடவையாகக் கோர்ட் வாசலுக்கு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"அப்ப எல்லாருக்கும் வாபஸா புள்ள? எங்களுதும் போச்சுதா?"

வனிதா மனிஷாவைத் திரும்பிப் பார்த்தாள். மனிஷா கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள்.

"இல்லீங்கய்யா. நடந்துட்டு இருக்கற கேசத்தான் வாபஸ் வாங்க முடியும். உங்களுது அன்னைக்கே முடிஞ்சுபோச்சுங்க. நீங்க ஒத்துக்கிட்டீங்க, அபராதம் கட்டீட்டீங்க. அது அப்படியேதான் இருக்கும்."

"இருக்கும்னா?"

"குற்றவாளின்னுதானுங்க."

லிங்கசாமி தலையாட்டினார். புரிந்துகொண்டதற்கு அடையாளமாகப் பலமுறை ஆட்டினார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி முன்னால் நடந்தார்.

அன்று சாயங்காலம் லைனில் சிலர் வனிதாவின் கையைப் பிடித்துச் சந்தோஷம் சொன்னார்கள். கொழுந்து மலையில் அவளுக்குப் பக்கத்து வரிசைகள் மறுபடி நெருங்கி வந்தன. யானை நடமாட்டம் கூடும் காலம் வந்ததும், பாதை தெரிந்த ஆள் இல்லாமல் ஜெகதீசனையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், அதே தினக்கூலிக்கு. நிரந்தரம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. மேல் டிவிஷன் பாதை இன்னும் இருட்டாகத்தான் இருந்தது.

வனிதாவுக்கு மட்டும் எதுவும் முடிந்ததாகத் தோன்றவில்லை. தான் விடுதலை, சித்தப்பா குற்றவாளி. இருவரும் உட்கார்ந்தது ஒரே ரோடு, ஒரே மழை. கொழுந்து பறிக்கும்போது இது நினைவுக்கு வந்தால் கை முற்றிய இலையைக் கிள்ளிவிடும். மேஸ்திரி திட்டுவான்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு லிங்கசாமியைக் கிளப்பினாள். எங்கே என்று கேட்டார். ஊட்டிக்கு என்றாள். காந்தலில் மனிஷாவின் வீட்டு முன்னறைதான் அவளுடைய ஆபீஸ். கேசுக் கட்டுகளை நகர்த்தி இருவருக்கும் இடம் செய்து கொடுத்தாள்.

"கஷ்டமுங்கக்கா" என்றாள், வனிதா வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு. "தானா ஒத்துக்கிட்டவங்களுக்கு அப்பீல் கிடையாது. ஹைகோர்ட்டுல வேற விதமா ஒரு மனுப் போட்டுப் பார்க்கலாமுங்க. எடுத்துக்குவாங்களான்னு தெரியாது. வருஷம் ஆகும்."

"ஆகட்டும்" என்றாள் வனிதா.

"நீங்க சொன்னா ஆச்சுங்களா? அய்யா சொல்லணும்."

இருவரும் லிங்கசாமியைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எதுக்கு" என்று முணுமுணுத்தார்.  வனிதா முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

"என்னத்தச் சொல்லணும் நான்?" என்று கேட்டார் கடைசியில்.

மனிஷா பேனாவை எடுத்தாள். "அன்னைக்கு என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்க போதும். மெதுவாச் சொல்லுங்க."

அந்தக் காலையைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. வனிதாவிடமும் இல்லை. 

"நல்ல மழை" என்றார். "கொஞ்சம் விடியட்டும், போகலாம்னு சொன்னன். அவசரம், பொறுக்க ஏலாதுன்னா. நானும் வாரேன்னு எழும்புனன். உங்களுக்குத்தான் முழங்கால் வலியாச்சே, படுங்கன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டுப் போனா."

மனிஷா எழுதத் தொடங்கினாள்.